முதல் குடியின் கொடி

1

சூசை அண்ணை போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய மகன் கிளெமென்ற் போன கிழமை தொலைபேசி எடுத்தான். "சித்தப்பா, அப்பாவின்ர ஆண்டு நினைவு மலருக்கு வம்சாவளி ஒண்டு வேணும். நீங்கள்தானே இதில விண்ணன்" என்றான்.

எங்கள் ஆட்களின் நினைவு மலர்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். முன் அட்டையில் இறந்தவரின் படம், பின் அட்டையில் நன்றி நவிலல், நடுவில் மடித்து விரிக்கும்படி ஒரு மரம். உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் அந்த மரத்தில் தன் பெயர் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடும். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டதற்காக வருடக்கணக்காகக் கதைக்காமல் இருக்கிற குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

நானும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். மேலே எங்கள் முப்பாட்டன் சவிரிமுத்து, அவருக்குக் கீழே பிள்ளைகள், பேரன்மார் என்று மளமளவென்று இறங்கி வந்தேன். என் பெரியப்பாவின் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது. அவருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அவருடைய ஒரே மகனான சூசை அண்ணையை எழுதவேண்டும். அந்தக் கோட்டைப் போடவும் முடியவில்லை, போடாமல் விடவும் மனம் வரவில்லை.

மரத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். விஷயம் கிளெமென்ற்றுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் வைத்துத் தகப்பனே அவனுக்குச் சொல்லிவிட்டார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்கோ சித்தப்பா, ஒளிச்சது காணும்" என்றான்.

2

மன்னாருக்கு வடக்கே, வற்றினால் சேறும் பெருகினால் முழங்கால் தண்ணீருமாகக் கிடக்கிற கரையில் ஈச்சந்துறை என்றொரு ஊர். சவிரிமுத்துதான் ஆறேழு குடும்பங்களோடு வள்ளத்தில் வந்து இறங்கி, பற்றை வெட்டி, நல்ல தண்ணீருக்குக் கிணறு தோண்டி, ஓலைக் கொட்டிலில் அந்தோனியாரின் சுரூபத்தை வைத்தவர். அவர் வழி வந்த நாங்கள் முதல் குடி. கரைவலை இழுக்கிற கடற்கரையெல்லாம் எங்கள் கையில் இருந்தது. பருவத்துக்கு வருகிற வெளியூர் மீனவர்கள் கரையில் ஓலையால் வாடி போட்டுத் தங்குவதென்றாலும் எங்கள் வீட்டில் வந்து கேட்டுத்தான் போடவேண்டும். ஆனி மாதத்து அந்தோனியார் திருநாளுக்குக் கொடி ஏற்றுகிற உரிமையும் எங்களுக்கே. வீட்டின் மூத்த ஆண்பிள்ளை ஏற்றவேண்டும். பெரியப்பா ஏற்றினார், அவருக்குப் பிறகு சூசை அண்ணை.

எண்பதுகளின் நடுவில் நான் அகதியாக மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, சூசை அண்ணை ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாசி மாதம். என்னுடைய சேர்ட்டைப் பார்த்துவிட்டு, "டேய் தாசன், நீ என்ன மன்னார்ப் பெருநாளுக்கோ வந்தனி?" என்று கேட்டார். நகரத்தில் வில்லரே என்ற பகுதியில் அவருடைய ஒற்றை அறையில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்தேன். அவர் கிரேக்கர் கடையொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். எனக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியத்தில் வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

கோப்பை கழுவினாலும் முதல் குடிதான். செத்தவீட்டில், கலியாண வீட்டில், ஒரு தேத்தண்ணி கையில் கிடைத்தால் சவிரிமுத்து வள்ளத்தை விட்டு இறங்கத் தொடங்கிவிடுவார். ஊர்ப் பெடியள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். ஆனால் மொன்றியலில் ஊர்ச்சங்கம் தொடங்கி, பிரெஞ்சுக்காரரின் கோயிலொன்றில் எங்களுக்கு ஞாயிறு பின்னேரம் இடம் கிடைத்தபோது, முதல் வருடமே கொடி ஏறவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். கோயில் முற்றத்தில் கம்பம் நட நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. படிவத்தை வாங்கிப் பார்த்த பெண் எந்த நாட்டுக் கொடி என்று கேட்டாள். கியூபெக்கில் கொடி என்றாலே கொஞ்சம் சூடான விஷயம். சூசை அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "நாடு இல்லை மதாம், அந்தோனியார்" என்றார். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அந்த மனிதர் அந்தோனியார் பெயரைக் கேட்டதும், தன் தாய் தொலைந்த கதவுத் திறப்புகளைத் தேடித் தரச்சொல்லி அவரிடம்தான் மன்றாடுவாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மனைவி இறந்து, பிள்ளைகள் ரொறன்ரோவுக்குப் போனபிறகு சூசை அண்ணைக்கு மிஞ்சியது அந்தக் கொடி ஒன்றுதான். வெள்ளைச் சீலையில் தானே வெட்டித் தைத்தது. ஒவ்வொரு வருடமும் தோய்த்து, அயன் பண்ணி, தோளில் போட்டுக்கொண்டு வருவார். அன்று ஒருநாள் அவர் கோப்பை கழுவினவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

3

என் மகள் ஜெசிந்தா மத்தியு என்ற கியூபெக் பெடியனைக் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிறாள். மத்தியுவின் தாய் மதாம் ஊகெத். நல்ல மனுஷி. அவருடைய சாப்பாட்டு அறைச் சுவரில், விரித்த விசிறி மாதிரி ஒரு பெரிய படம். நடுவில் மத்தியு, அவனைச் சுற்றி அரைவட்டமாகத் தாய் தகப்பன், அவர்களுடைய தாய் தகப்பன் என்று விரிந்துகொண்டே போய், விளிம்பில் முதன்முதல் கப்பலில் வந்து காடு வெட்டிய ஒரு தச்சன். ஒரு கட்டம்கூட வெறுமையில்லை. யார் எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றார், யார் எந்தக் கோயிலில் கட்டினார், எல்லாம் பங்குப் பதிவேடுகளில் இருந்து எடுத்தது. சனிக்கிழமைகளில் பழைய பதிவுகளின் முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்திவிடுவார் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு அங்கே சாப்பிடப் போனோம். ஜெசிந்தா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. மதாம் ஊகெத் வரப்போகிற பேரப்பிள்ளைக்கு ஒரு புது விசிறி தொடங்கியிருந்தார். இடது பக்கம் முழுக்க எழுத்து. வலது பக்கத்தில் ஜெசிந்தா, நான், என் மனைவி ரெஜினா, எங்களைப் பெற்றவர்கள். அதற்கப்பால் வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நாங்களும் முதல் குடிதான் என்று தொடங்கிவிட்டேன். என்னுடைய பிரெஞ்சு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களிடம் பிடித்தது. அவர்கள் கோயில் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் தூஷணம் பேசுவார்கள். வந்த புதிதில் எவ்வளவு பக்தியான மனிதர்கள் என்று நினைத்தேன். அந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சவிரிமுத்துவை வள்ளத்திலிருந்து இறக்கினேன். ரெஜினா மேசைக்குக் கீழால் காலில் மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.

"பதிவு இருக்கிறதா?" என்று மதாம் ஊகெத் கேட்டார். கோயில் பதிவேடுகள் ஷெல்லடியிலும் இடப்பெயர்விலும் போய்விட்டன. கையில் இருந்தது சூசை அண்ணையின் ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதி ஒன்றுதான். பதிவேடுகள் போவதற்கு முன்பு அவருடைய முதியோர் ஓய்வூதியத்துக்காக எடுப்பித்தது. தாய் தகப்பன் இடத்தில் பெரியம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். பிறந்த திகதி இல்லை, ஞானஸ்நானத் திகதி மட்டும். அதை வைத்துக்கொண்டு ஓய்வூதியக் கந்தோரில் அவர் பட்ட பாடு தனிக் கதை. மதாம் ஊகெத் கண்ணாடியை இறக்கி அந்த வெறுமையைப் பார்த்து, ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்று சிரித்துவிட்டேன்.

அவரே ஒரு வழி சொன்னார். பதிவு இல்லாத இடத்தில் மரபணு பேசும். ஆண் வழியில் தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் வருகிற ஒரு பகுதி இருக்கிறது. ஒரே முப்பாட்டனின் இரண்டு கிளைகளிலிருந்து இரண்டு ஆண்களைச் சோதித்து, இரண்டும் ஒத்துப்போனால் மேலே இருக்கிற ஆள் ஒருவர்தான் என்று காட்டலாம். கப்பல் தச்சனையும் அப்படித்தான் உறுதிப்படுத்தினாராம். செலவு தன்னுடைய கிறிஸ்மஸ் பரிசு என்றார்.

இரண்டு கிளைக்கு நானும் சூசை அண்ணையும். தை மாதத்தில் ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு மெத்ரோவின் மஞ்சள் பாதையில் ஆற்றுக்குக் கீழால் போனேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு வந்திருந்தார். கன்னத்தின் உட்பக்கத்தைச் சின்னத் தூரிகையால் சுரண்டிக் குப்பியில் போடவேண்டும். சூசை அண்ணை சுரண்டுவதற்கு முன் சிலுவை அடையாளம் போட்டார். மதாம் ஊகெத்தும் மரியாதைக்குத் தானும் போட்டார்.

4

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்பு, வேலை முடிந்து நேராக ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவள் மேலங்கியைக் கழற்றவுமில்லை.

"அப்பா, இருங்கோ" என்றாள்.

இரண்டு வரிசை எண்கள் அச்சடித்த ஒரு தாளைக் காட்டினாள். ஒரு வரிசை என்னுடையது, மற்றது சூசை அண்ணையுடையது. ஒத்துப்போகாத எண்களில் மதாம் ஊகெத் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். தாள் முழுக்க வட்டம்.

"நீங்களும் சூசைப் பெரியப்பாவும் ஒரே ஆக்கள் இல்லை. மதாம் ஊகெத் ரெண்டு தரம் கேட்டு எழுதிப் பார்த்திட்டா. பிழை இல்லையாம்."

எனக்கு முதலில் வந்தது சூசை அண்ணையைப் பற்றிய எண்ணம் அல்ல. பிழையான ஆள் நானா, அவரா? தாளில் அது இல்லை. என்னைப் பெற்றவளைப் பற்றி அப்படியொரு நினைப்பு ஒரு கணம் மனதில் ஓடியதற்காக இப்போதும் கூசுகிறது. ரெஜினா குசினிக்குள் இருந்து, "வெள்ளைச் சுவருக்கு வெள்ளை அடிக்கப் போய் வீட்டை இடிச்சுப்போட்டியள்" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், சரியாகச் சொல்லிவிடுவாள்.

கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் மிச்சம். என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. துறவறம் போய், இப்போது திருச்சியில் வயதான கன்னியர்கள் தங்கும் மடத்தில் இருக்கிறார். சிஸ்டர் மாமி என்போம். அடுத்த நாள் காலையில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி எடுத்தேன்.

"ஆர், சின்னண்ணையின்ர மோனோ? சாப்பிட்டியோ?"

சோதனையைப் பற்றி எனக்கு விளங்கிய மட்டில் சொன்னேன்.

"மாமி, கேக்குதோ?"

"கேக்குது. சோதிச்சுப்போட்டு வந்து கேக்கிறாய். முதலே என்னட்டைக் கேட்டிருக்கலாமே. நான் பொய் சொல்லமாட்டன் எண்டதாலதான் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கிறேல்லை."

5

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எங்கள் கரையின் வழக்கம் ஒன்று தெரியவேண்டும். பிள்ளை நிலைக்காத தாய், பிறகு பிறக்கிற பிள்ளையை அந்தோனியாருக்கு நேர்ந்துவிடுவாள். திருநாள் அன்று அதைச் சுரூபத்தின் காலடியில் கிடத்தி, கோயில் மூப்பர் ஏலம் கூறுவார். தாய்மாமன் ஏலத்தில் எடுப்பார். காசு கோயிலுக்கு. எடுத்த கையோடு பிள்ளையைக் கொண்டுபோய்த் தாயின் மடியில் வைத்துவிடுவார். அதோடு அது அந்தோனியார் தந்த பிள்ளை, இனிச் சாகாது என்பது நம்பிக்கை. சின்ன வயதில் அந்த ஏலங்களை வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். பிள்ளை வீரிட்டு அழும், சனம் சிரிக்கும், தாயும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பாள்.

ஒரு வருடம் சோளகக் காற்றுக் காலத்தில், கரையில் வாடி போட்டிருந்த ஒரு இளம் குடும்பமும் அப்படி நேர்ந்திருந்தது. சைவ ஆட்கள், எந்த ஊர் என்று மாமிக்குத் தெரியாது. அந்தோனியாருக்கு எல்லோரும்தான் நேர்வார்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் செத்திருந்தன. தாய்மாமன் என்று சொல்ல அந்தக் கரையில் யாருமில்லை. ஊருக்கு மூத்த வீடு என்பதால் பெரியப்பாவிடம் வந்து, ஐயா நீங்கள் ஒருக்கால் எடுத்துத் தாருங்கோ என்று கேட்டார்கள். பெரியப்பா ஏலத்தில் எடுத்தார். பக்கத்தில் நின்ற பெரியம்மா பிள்ளையைக் கையில் வாங்கினார். கலியாணமாகி வருடக்கணக்காகியும் அவருக்குப் பிள்ளையில்லை.

"வாங்கினவ குடுக்கேல்லை" என்றார் மாமி.

முதலில், கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன் என்றாராம். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல், வாடியில் காற்று என்றாராம். எட்டு நாள் போவதற்குள் ஞானஸ்நானம் கொடுப்பித்து, பதிவேட்டில் தங்கள் பெயரை எழுதுவித்தார்கள். குருவானவர் திருநாளுக்குப் பிறகு மாறி வந்த புதியவர், ஏலம் நடந்ததே அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு, வேதத்துக்கு வந்த பிள்ளையைச் சைவ வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். ஏலத்தில் எடுத்தது எடுத்ததுதான் என்றும் சொன்னார்கள். அது விளையாட்டு ஏலம் என்று அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் குடியைப் பகைத்துக்கொண்டு அந்தக் கரையில் வலை போட முடியாது. வாடிக்காரர்கள் இன்னும் சத்தம் போட்டால் அடுத்த வருடம் வாடி போட இடமில்லை.

"அந்தப் பெட்டை மூண்டு நாலு வருஷம் வந்தவள், தம்பி. ஒவ்வொரு திருநாளுக்கும். உள்ளுக்க விடமாட்டினம். வேலிக்கு வெளியில நிப்பாள். எனக்கு அப்ப பதினாறு வயசு. ஒருநாள் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனான். அதுக்கு அண்ணை என்னை அடிச்சவர். பேந்து அவை வரேல்லை."

"பேர் என்ன மாமி?"

"வாடிக்காரி எண்டுதான் சொல்லுறது."

தொலைபேசியை வைத்தேன். எத்தனை செத்தவீடுகளில் சவிரிமுத்துவின் பெயரைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன்! அந்தப் பெயரை வைத்துத்தான் ஒரு பெண்ணின் மடியிலிருந்து பிள்ளையைப் பறித்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட, சூசை அண்ணையை நினைக்கப் பயமாக இருந்தது.

6

பயத்தில் பொய் சொன்னேன். முடிவு வந்துவிட்டதா என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, "வந்திட்டுது அண்ணை, ஒண்டுதான்" என்று வாயில் வந்தது.

மனிதர் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். ரொறன்ரோவுக்குச் சொன்னார், லண்டனுக்குச் சொன்னார். தெருமுனையில் தெப்பனோர் என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கிற வியட்நாம்காரனுக்கும் சொல்லியிருக்கிறார். ஊர்ச்சங்கக் கூட்டத்தில் எழும்பி, முதல் குடி விஞ்ஞானப்படி நிரூபணமாகிவிட்டது, கொடியேற்றம் முடிந்த கையோடு இதை ஒலிவாங்கியில் அறிவிக்கவேண்டும், விழா மலரிலும் போடவேண்டும் என்றார். செயலாளர் என்னிடம் அந்தத் தாளைக் கேட்டார்.

ஜெசிந்தாவுக்கு என்னில் பெரிய கோபம். கோபம் வந்தால் அவளுடைய தமிழ் பாதியில் நின்றுவிடும். "ஸே பா ஜுஸ்த், பாப்பா" என்று தொடங்கி, இது நியாயமே இல்லை என்று பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். அவர் தன் கன்னத்தைச் சுரண்டித் தந்த சோதனை, முடிவு அவருடையது, அதை வைத்திருக்க நீங்கள் யார் என்றாள்.

"அவருக்கு எழுபது வயசாகுது பிள்ளை. இனி அறிஞ்சு என்ன செய்யப்போறார்?" என்றேன்.

பிறகு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மெல்ல, தமிழில் சொன்னாள்: "என்ர பிள்ளையை ஆரும் அப்பிடி எடுத்தா, அது கிழவனானாப் பிறகெண்டாலும் நான் தேடினனான் எண்டு அதுக்குத் தெரியவேணும்."

கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை சூசை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, கொடியை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். வானொலியில் ஊர்ச் செய்தி. அந்த வருடம் மன்னார்க் கரையெல்லாம் சண்டை. ஈச்சந்துறை முழுக்க வன்னிக்குள் இடம்பெயர்ந்துவிட்டது என்று இரண்டு நாளுக்கு முன்தான் கேள்விப்பட்டிருந்தோம்.

"அண்ணை, கொஞ்சம் இருங்கோ. நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்" என்றேன்.

ஏலத்தைச் சொன்னேன். வாடிக்காரரைச் சொன்னேன். ஞானஸ்நானத்தைச் சொன்னேன். அவர் அயன்பெட்டியை நிறுத்தி, வயரைச் சுற்றி ஒரு பக்கத்தில் வைத்தார். கொடியை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இது உன்ர, தம்பி."

"இல்லை அண்ணை. இது உங்கட."

"மூத்த ஆம்பிளைப் பிள்ளை ஏத்திறது. அது நீதான்."

நான் கொடியைத் தொடவில்லை. பிறகு கேட்டார்:

"அவ பேந்து தேடி வந்தவவோ?"

அதற்கு இரண்டு பதில்தான் இருந்தது. இல்லை என்றால், பெற்றவள் விட்டுவிட்டுப் போனவள் ஆகிறாள். ஓம் என்றால், வளர்த்தவள் பறித்தவள் ஆகிறாள். பெரியம்மாவின் படம் அவருடைய தலைக்கு மேலே சுவரில் இருந்தது. இடப்பெயர்வுகளில் எல்லாம் விட்டுவிட்டு வந்தும், அந்தப் படத்தை மட்டும் பாஸ்போட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர். எது குறைவாக வலிக்கும் என்று தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. ஜெசிந்தா சொன்னது மட்டும் நினைவில் இருந்தது.

"ஓம் அண்ணை. வந்தவ. ஒவ்வொரு திருநாளுக்கும் வந்தவ. உள்ளுக்க விடேல்லை. வேலிக்கு வெளியில நிண்டவவாம்."

சூசை அண்ணை தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒரு ஞாபகம் இருக்குதடா. சின்னப் பிள்ளையில, திருநாள் அண்டைக்கு மட்டும் அம்மா என்னை வெளியில விடமாட்டா. சனத்தின்ர கண்பட்டுப்போகும் எண்டு சொல்லி அறைக்குள்ள வைச்சுப் பூட்டிப்போடுவா. வெளியில வெடிச் சத்தம், பாண்ட் சத்தம் எல்லாம் கேக்கும். நான் கதவில அடிச்சு அடிச்சுக் குளறுவன். என்னில உள்ள பாசத்திலதான் பூட்டினவ எண்டு நினைச்சிருந்தன்."

கழற்றி வைத்த கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வேலி கிட்டத்தான். அப்ப நான் உள்ளுக்க இருந்து குளறினது அவவுக்குக் கேட்டிருக்கும், என்ன?"

அவர் எழும்பிப் போய்க் கேத்திலை வைத்தார், இரண்டு கோப்பை எடுத்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தோம். மடித்த கொடி மேசையிலேயே கிடந்தது.

7

கொடியேற்றத்துக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மதாம் ஊகெத்துக்கு ஜெசிந்தா எல்லாம் சொல்லியிருந்தாள். அந்த மனுஷி அழுதுவிட்டு, உலகத்தில் சோதித்தவர்களின் தொகுப்பு முழுவதிலும் சூசை அண்ணையின் எண்களுக்கு ஒத்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர், ஐரிஷ்காரர், யூதர் என்று எத்தனையோ பேர் அதில் இருந்தார்கள். கடலோரத்தில் ஓலை வாடி போட்டுப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் யாரும் கன்னத்தைச் சுரண்டி அனுப்பியிருக்கவில்லை. ஒத்த ஆள் யாருமில்லை என்று வந்தது.

செயலாளரிடம் தாள் தொலைந்துவிட்டது என்றேன். இது இரண்டாவது பொய், இதற்காக நான் வருந்தவில்லை.

அன்று காலை தொலைபேசி அடித்தது.

"தாசன், ஊரில இண்டைக்கு ஏத்திறதுக்கு ஆளுமில்லை, கோயிலுமில்லை. இஞ்சயாவது ஏறட்டும். நான் வாறன்" என்றார்.

வழமையான வெள்ளை வேட்டி. தோளில் கொடி. எங்கள் சனம் அன்று அழுகிற நிலையில்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் அங்கே தெருவில் நிற்கிற யாரோ ஒருவர் இருந்தார்கள். குருவானவர் கொடியை மந்திரித்து அவர் கையில் கொடுத்தார். முதல் குடி என்றோ விஞ்ஞானம் என்றோ சூசை அண்ணை ஒரு வார்த்தை பேசவில்லை. கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். பெண்கள் பாட்டை எடுத்தார்கள்.

கொடி மேலே போகும்போது எல்லோரும் அண்ணாந்து அதைத்தான் பார்ப்போம். ஏற்றுகிறவரும் அப்படித்தான், கண்ணெடுக்காமல் பார்ப்பார். எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அன்று கயிறு அவர் கையில் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொடி உச்சிக்குப் போய் விரிந்தது, சனம் கைதட்டியது. சூசை அண்ணை ஒருதரமும் மேலே பார்க்கவில்லை. தெருவோர வேலிப் பக்கம் நின்ற பெண்களை, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.